உற்பத்தியாளர்: அமுகே பெர்பெத்துவா

அமுகே பெர்பெத்துவாவின் ஊறல் ஒரே ஒரு வருடம் தொடர்ந்து கெட்டுப்போனது. அந்த வருடம் மட்டும் இல்லாதிருந்தால், கூமி ஊரின் மற்ற நாற்பது பெண்களைப் போல அவளும் சாயங்காலம் நாலு பானை அஜோன் மது விற்றுவிட்டு, காலையில் பானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருப்பாள்.

ஊறல் கெட்டால் அதற்குக் காரணம் கூமியில் எல்லோருக்கும் தெரியும். பொறாமைக்காரி எவளோ எட்டிப் பார்த்திருப்பாள். இல்லையென்றால் தீட்டுக்காரி எவளோ மாவைத் தொட்டிருப்பாள். காரணம் எதுவானாலும் அது ஒரு பெண்ணாக இருக்கும். அதில் மட்டும் ஊரில் கருத்து வேறுபாடு கிடையாது. அமுகேயின் ஒன்பது ஊறல்களில் ஐந்து நாறிப்போனதும் அக்கம்பக்கத்தார் குறிசொல்பவரை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு சேவலை வாங்கிக்கொண்டு, தன் செருப்பைத் தூக்கிப் போட்டு, அது விழுந்த விதத்தைப் பார்த்து, கிழக்கு வீட்டுக்காரி என்றார். கிழக்கு வீட்டுக்காரி அகித்தெங். அவள் கால் முறிந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். எட்டிப் பார்ப்பதென்றால் அவளை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வர வேண்டும்.

"தூக்கிட்டு வந்த நாலு பேரு யாருன்னும் செருப்பைக் கேட்டுச் சொல்லச் சொல்லு" என்று அகித்தெங் சொல்லியனுப்பினாள்.

அமுகே பதினோரு வருடம் நைல் கரையில் ஒரு பீர் ஆலையில் பாட்டில் கழுவியவள். அவள் கணவன் அங்கே லாரி ஓட்டினான். ஆலையின் மேற்பார்வையாளர் ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உள்ளே கீறல் விழுந்ததைத் தூக்கி எறிவார். கீறலுக்குள் அழுக்கு குடியேறினால் எந்த பிரஷ்ஷும் அதைக் கிளப்பாது என்பார். பதினோரு வருடத்தில் பொறாமையைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

அமுகே ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, எந்த ஊறல், எந்த டிரம், எத்தனை நாள், என்ன கதி என்று எழுதத் தொடங்கினாள். மூன்று மாதத்தில் நோட்டு ஒரு நீல டிரம்மைக் காட்டிக்கொடுத்தது. உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். யாரோ இரும்புக் கரண்டியால் சுரண்டியிருந்தார்கள். அந்த யாரோ அவளேதான். டிரம்மை இரண்டாக அறுத்துக் கோழிக்கு வீடு கட்டினாள். அதற்குப் பிறகு ஊறல் கெடவில்லை. தன் சேவல் பரிகாரம் பலித்துவிட்டதாகக் குறிசொல்பவர் ஊரெல்லாம் சொன்னார். அமுகே மறுத்துச் சொல்லிப் பார்த்தாள். கீறல் என்றால் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வந்தது. கிழக்கு வீட்டுக்காரி என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்.

அமுகேயின் கொழுந்தன் ஓலுக்காவை இங்கே சொல்லிவிட வேண்டும். அவன் குலச் சங்கத்தின் செயலாளர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அவள் கணவன் இறந்து அவள் கூமிக்குத் திரும்பியபோது, சங்கம் மரத்தடியில் கூடி, வழக்கப்படி அண்ணன் மனைவியும் அண்ணனுடைய மூன்று மாடுகளும் தம்பிக்குச் சேரும் என்று முடிவு செய்தது. மனைவியை யாரும் கேட்கவில்லை, மாடுகளையும் கேட்கவில்லை. அமுகே தானாக எழுந்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு போகட்டும், இன்னொன்றுக்குக் கயிறு கிடையாது என்றாள். ஓலுக்கா மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இருவரும் நல்ல பேச்சுவார்த்தையிலேயே இருந்தார்கள். அவளுடைய வேறெந்தச் சொத்தைப் பற்றியும் பேசாமல் அவன் அவளுடைய அஜோனைக் குடித்தான்.

அஜோன் என்பது கேழ்வரகுதான். மாவைப் பிசைந்து ஒரு வாரம் குழியில் புதைத்துவைத்து, தகரத்தில் வறுத்து, காயவைத்து, முளைகட்டிய கேழ்வரகு மாவைச் சேர்த்துத் தண்ணீரில் ஊறவிட்டால் நாலாம் நாள் கெட்டியான களிம்பாக நுரைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பானையில் அள்ளிப்போட்டுக் கொதிநீர் ஊற்றுவார்கள். பானையைச் சுற்றி ஆண்கள் நாற்காலியிலும் பெண்கள் பாயிலும் உட்கார்ந்து, ஆளுக்கொரு நீண்ட நாணல் குழலைப் பானைக்குள் விட்டு உறிஞ்சுவார்கள். தீரத் தீர வெந்நீர் ஊற்றுவார்கள். பேச்சு தீர்ந்தால்தான் பானை தீரும்.

கம்பாலாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு வந்தால், திரும்பும்போது பழைய பெயிண்ட் வாளியில் அமுகேயின் களிம்பை வாங்கிக்கொண்டு போவார்கள். பஸ்ஸில் மூடி தெறித்து முன் சீட்டுக்காரர் மேல் கொட்டும். அதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே அடுத்த முறையும் வாங்கினார்கள். போன தடவை இருந்த ருசி இந்தத் தடவையும் இருக்கிறது என்பதுதான் காரணம். அமுகேக்கு யோசனை அங்கேதான் பிறந்தது. முத்திரை போட்ட புது வாளியில் களிம்பை விற்பது. வெந்நீர் வாங்குகிறவர் பாடு.

இரண்டு அறை கட்டி சிமெண்டுத் தரை போட்டாள். உள்ளே கீறல் இல்லாத எட்டு டிரம் வாங்கினாள். கால் கூடிய அகித்தெங் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தபடி வேலைக்கு வந்தாள். அந்த நேரத்தில்தான் மாவட்டத்தில் உத்தரவு போட்டார்கள்: ஜூலை முதல் தேதியிலிருந்து உரிமம் இல்லாமல் யாரும் வீட்டு மது விற்கக் கூடாது. மக்களின் உடல்நலம் கருதி என்று காரணம் எழுதியிருந்தது. உடல்நலம் கருதப்பட்டவர்கள் எல்லோரும் பானை வைத்து விற்கும் விதவைகள். பெரிய ஆலைகளின் பீர் லாரிகள் அதே சாலையில் அதே உடல்நலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஜூன் மாதமே போலீஸ்காரர்கள் ஒத்திகை பார்க்கிறோம் என்று சந்தைக்குப் பின்னால் ஆறு பானைகளை உதைத்து உடைத்தார்கள்.

உரிமம் கிடைத்தால் ஆலை. கிடைக்காவிட்டால் சிமெண்டுத் தரை போட்ட கோழிக்கூடு. அமுகேயின் நிலை அவ்வளவுதான்.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். கண்ணாடிப் பாட்டிலை மனதில் வைத்து எவரோ எழுதியது. பரிமாறும் குளிர்நிலை எவ்வளவு என்று ஒரு கேள்வி. அமுகே "கொதிநீர்" என்று எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு ஜூன் இருபத்தேழாம் தேதி முற்பகல், சொரோட்டியிலிருந்து ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பெயர் எசுக்கு. முப்பது வயது இருக்கும். சட்டைப்பையில் மூன்று பேனா. டிரம்களுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்து, இப்படி ஒரு நோட்டைத் தான் பார்த்த எந்த ஆலையிலும் வைத்திருக்கவில்லை என்று அகித்தெங்கிடம் சொன்னார். அமுகே அப்போது வறுக்கும் கொட்டகையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த ஓலுக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

வந்தவரை யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் விடுவது கூமியில் மரியாதை இல்லை. அகித்தெங் கேட்டாள். பிறகு கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டாள். டிசம்பரில்தான் ஆனது, செரேரேயில், பெண் பெயர் அபெஜா என்றார் எசுக்கு. மாமியார் பெயரை அவர் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. அகித்தெங் வீட்டின் அடையாளம் கேட்டாள். குளத்துக்குப் பக்கத்தில், இரட்டைப் பலா நிற்கிற வீடு.

வாசலில் துண்டோடு வந்து நின்ற அமுகே நின்ற இடத்திலேயே நின்றாள். இரட்டைப் பலா வீடு அவளுடைய அக்காள் வீடு. டிசம்பரில் மாப்பிள்ளை வீட்டுப் பரிச மாடுகள் வந்த அன்று இவளுக்குக் காய்ச்சல்; போகவில்லை.

அம்மாவின் தங்கையும் அம்மாதான் என்பது கூமிப் பக்கத்துத் தேசோக்காரர்கள் கணக்கு. ஆகவே மனைவியின் சின்னம்மாவும் மாமியார்தான். அதில் பாதி, கால் என்ற சலுகை கிடையாது. அகித்தெங் விஷயத்தைச் சொன்னதும் எசுக்கு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அமுகே கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது. ஒரே பானையில் குழல் விடவே கூடாது. விட்டால் மருமகனுக்குக் கை நடுங்கும் என்பார்கள். அப்படி நடுங்கியதற்குச் சாட்சியாக ஊரில் காட்டப்படுகிறவர்கள் எல்லோரும் முப்பது வருடமாகத் தினமும் குடிப்பவர்கள். மாமியார் இல்லாதவர்களும் அவர்களில் உண்டு.

ஆய்வு அதற்குப் பிறகு சுவரோடு நடந்தது. மாவு எத்தனை நாள் புதைக்கப்படுகிறது என்று எசுக்கு சுவரைக் கேட்பார். அகித்தெங் அதைக் கதவிடம் கேட்பாள். கதவு பதில் சொல்லும். இருவருக்கும் நடுவில் அவள் சாய்ந்து சாய்ந்து நடந்து, கடைசியில் இருவருக்கும் காது கேட்கிறதல்லவா என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் பக்கத்தில் எல்லாம் நின்றது. உற்பத்தியாளரும் ஆய்வாளரும் முத்திரையிட்ட ஒரே கொள்கலனிலிருந்து, ஒருவர் முன்னிலையில் ஒருவர், அருந்த வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. நல்ல சரக்கை ஆய்வாளருக்குக் காட்டிவிட்டு வேறெதையோ விற்பவர்களுக்காகப் போட்ட விதி. வேறு ஆய்வாளரை அனுப்பச் சொல்லலாம், ஆனால் ஆகஸ்டு ஆகிவிடும் என்றார் எசுக்கு. முதல் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

ஓலுக்கா தொண்டையைச் செருமினான். குலச் சங்கத்தில் தீர்மானம் படிக்கும்போது செருமுகிற செருமல்.

"வழி இருக்கு. உற்பத்தியாளர்னு என் பேரைப் போட்டுக்கங்க. நானும் மாப்பிள்ளையும் ஒரே பானையில தாராளமா குடிக்கலாம். ஆம்பளைக்கு ஆம்பளை, ஒரு தடையும் இல்லை."

எசுக்குவின் தோள் சுவருக்கு எதிரிலேயே தளர்ந்தது. நல்ல யோசனை என்று சொல்லிக்கொண்டே முதல் பேனாவை எடுத்தார்.

"பேருதானே அண்ணி" என்றான் ஓலுக்கா கதவைப் பார்த்து. "வேலை எல்லாம் நீங்கதான் பார்க்கப் போறீங்க. நான் குறுக்கே வர மாட்டேன்."

"பேருதானேன்னா, உன் மாட்டுக்கெல்லாம் என் பேர்ல சூடு போட்டுக்கட்டுமா தம்பி?"

"மாடு சொத்து அண்ணி."

"இது மட்டும் என்ன, சொத்தையா?"

எசுக்குவின் பேனா நின்றது. அவர் எழுதவும் இல்லை, மூடவும் இல்லை. அமுகே கதவுக்குப் பின்னால் நின்றபடியே, அந்த விதியை ஒரு தடவை உரக்கப் படிக்கச் சொன்னாள். எசுக்கு சுவருக்குப் படித்துக் காட்டினார்.

"மாப்பிள்ளை, இதுவே பீர் பாட்டிலா இருந்தா எப்படிக் குடிப்பீங்க? முதலாளியும் நீங்களும் ஒரே பாட்டில்ல மாத்தி மாத்தி வாய் வைப்பீங்களா?"

"இல்லை அத்தை. ரெண்டு கிளாஸ்ல ஊத்திக்குவோம்."

"நான் விக்கிறது வாளி. முத்திரை வாளியிலதான் இருக்கு. பானையை நான் விக்கல. பீருக்குக் கிளாஸ், இதுக்குப் பானை. ரெண்டு பானை வைப்போம்."

ஓலுக்கா விடவில்லை. வழக்கம் பானையைப் பார்க்காது, ஊறலைப் பார்க்கும் என்றான். ஊறல் ஒன்று என்றால் குற்றமும் ஒன்று. இதை நாளைக்குச் சங்கத்தில் கேட்டால் செயலாளர் என்ற முறையில் தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றான்.

"உன் மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு ஊறல் போட்டது யாரு?"

"நீங்கதான்."

"எத்தனை டிரம்?"

"ஒண்ணு. பெருசு."

"உன் பொண்டாட்டி குடிச்ச பானையும், உன் மாப்பிள்ளை குடிச்ச பானையும் எதுலேர்ந்து ரொம்பிச்சு?"

ஓலுக்கா வெளியே மாமரத்தைப் பார்த்தான். அதில் காய் எதுவும் இல்லை. தேசோ நாட்டில் நடக்கிற எல்லாக் கல்யாணமும் அப்படித்தான் நடக்கிறது. ஊறல் ஒன்று, பானை இரண்டு. சாப்பாட்டுக்கு வழி வேண்டும் என்றால் வழக்கம் வளையும். ஒரு பெண்ணின் பெயருக்கு என்று வரும்போதுதான் அதற்கு முதுகெலும்பு முளைக்கும்.

முன்னிலை என்றால் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அதை எசுக்குவே தீர்த்தார். பக்கத்தில் இருந்தால் போதும், பார்க்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை என்றார்.

அறை நடுவில் கயிறு கட்டிப் பாயைத் தொங்கவிட்டார்கள். எசுக்கு தடவிப் பார்த்து முத்திரையை உடைத்தார். அகித்தெங் களிம்பை இரண்டு பானைகளில் அள்ளிப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். பாய்க்கு அந்தப் பக்கம் அமுகே ஸ்டூலில் உட்கார்ந்து குழலை எடுத்தாள். இந்தப் பக்கம் எசுக்கு குழலை எடுத்து, வாயருகே கொண்டுபோய், கீழே வைத்துவிட்டார்.

ஊறல் போட்டவர் முதல் வாய் உறிஞ்சிக் காட்டாமல் விருந்தாளி குடிப்பதில்லை. விஷம் இல்லை என்பதற்கு அதுதான் உறுதிமொழி. அமுகே தன் பானையில் உறிஞ்சிக் காட்டலாம். மருமகன் பானையில் அவள் குழல் விட முடியாது. அப்படியானால் இந்தப் பானைக்கு யார் உறுதி?

வெந்நீரில் களிம்பு குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

"உற்பத்தியாளர் ஆகணும்னு ஒருத்தர் ஆசைப்பட்டாரே" என்றாள் அகித்தெங். "உற்பத்தியாளர் வேலையில இந்த ஒண்ணு மட்டும் காலியா இருக்கு."

பாய்க்குப் பின்னாலிருந்து அமுகே சொன்னாள்: "தம்பி மாட்டேன்னா, என் ஊறல்ல விஷம் இருக்குன்னு அவருக்குச் சந்தேகம்னு அர்த்தம். அதை எழுதிக்கங்க மாப்பிள்ளை. பன்னிரண்டு வருஷமா எதைக் குடிச்சாருன்னும் கேட்டு எழுதிக்கங்க."

ஓலுக்கா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு வாய் போதும். அவன் நாலு வாய் குடித்தான். பிறகு குழலை எடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சான்று சொன்னான். எசுக்கு குடித்தார். அந்தப் பக்கம் அமுகே குடித்தாள். யாருக்கும் கை நடுங்கவில்லை. அரை மணி நேரம் கழித்தும் நடுங்கவில்லை என்பதை அகித்தெங் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்து உறுதி செய்தாள்.

போதையின் அளவைக் காட்டும் கருவியை எசுக்கு தன் பானையில் வைத்தார், ஒரு எண் வந்தது. அகித்தெங் அதை வாங்கி அந்தப் பக்கப் பானையில் வைத்தாள், வேறு எண் வந்தது. விண்ணப்பத்தில் கட்டம் ஒன்றுதான். களிம்பிலேயே வைத்துப் பார்த்தார், கருவி பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. ஒரு வாளிக்கு ஆறு லிட்டர் வெந்நீர் என்று வாளி மேலேயே அச்சடித்துவிடுகிறேன், ஆறு லிட்டருக்கு என்ன எண்ணோ அதைக் கட்டத்தில் எழுதுங்கள் என்றாள் அமுகே. அளந்தார்கள். எண் கிடைத்தது.

"ஜனங்க ஏழு லிட்டர் ஊத்துவாங்களே அத்தை. எட்டும் ஊத்துவாங்க."

"பீர் கிளாஸ்ல எவன் எத்தனை ஐஸ் போடுறான்னு பார்க்க அந்த ஆலைக்காரன் ஆள் அனுப்புறானா?"

எசுக்கு எண்ணை எழுதினார்.

பதின்மூன்றாம் பக்கத்தில், ஆய்வாளர் உற்பத்தியாளருக்கு உறவினரா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதிவிடலாம், முதல் தடவையாகச் சந்திக்கிறோம், இன்னும் சந்திக்கவும் இல்லை என்றான் ஓலுக்கா. உள்ளதை எழுதச் சொன்னாள் அமுகே. பொய் சொல்லி வாங்குகிற உரிமத்தைப் பிறகு யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம். எசுக்கு 'ஆம், மாமியார்' என்று எழுதினார். அதன் கீழே சலுகை காட்ட வாய்ப்பு உண்டா என்று கேட்டிருந்தது. 'இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தடை உள்ளது' என்று எழுதினார். தலைமை அலுவலகத்தில் அதைப் படித்தவர், கறார் என்பதற்கு இதற்கு மேல் அத்தாட்சி தேவையில்லை என்று ஓரத்தில் குறித்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

கடைசிப் பக்கம் பாய்க்கு அடியில் நகர்ந்து அந்தப் பக்கம் போயிற்று. உற்பத்தியாளர் என்ற இடத்தில் அமுகே தன் முழுப் பெயரையும் எழுதினாள். அவசரப்படவில்லை. காகிதம் திரும்பி வந்தது. எசுக்கு தற்காலிகச் சான்றில் முத்திரை குத்தி, அதையும் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, சுவர் ஓரமாகவே நடந்து மோட்டார் சைக்கிளுக்குப் போனார்.

ஜூலை வந்தது. போலீஸ்காரர்கள் வந்து சான்றைப் படித்துவிட்டு, அடுத்த தெருவில் சான்று இல்லாதவர்களின் பானைகளை உடைக்கப் போனார்கள். அன்று மாலை அமுகே அடுத்த தெருவுக்குப் போய், உடைந்த பானைக்காரிகள் எட்டுப் பேரை உட்காரவைத்து, பதினான்கு பக்கத்தையும் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினாள். அதில் மூன்று பேருக்கு எழுதத் தெரியும். போதும் என்றாள்.

நிரந்தர உரிமம் செப்டம்பரில் கம்பாலாவிலிருந்து வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை குலச் சங்கம் கூடியது. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் பாயில். ஓலுக்கா எழுந்து செருமி, நம் குலத்தின் ஆலைக்கு உரிமம் கிடைத்துவிட்டது, இதற்காகத் தான் பட்ட பாடு கொஞ்சமல்ல என்று அறிவித்தான். கை தட்டினார்கள்.

தட்டி முடிக்கும் வரை காத்திருந்து, அமுகே பாயிலிருந்து எழுந்தாள். பையிலிருந்து உரிமத்தை எடுத்துப் படித்தாள். பதிவு எண்ணைப் படித்தாள். முகவரியைப் படித்தாள். உற்பத்தியாளர் என்று படித்து, உரிமையாளர் என்று படித்து, இரண்டுக்கும் எதிரே இருந்த தன் பெயரை இரண்டு தடவையும் முழுதாகப் படித்தாள். யார் கையெழுத்து, எந்தத் தேதி, எத்தனை வருடம் செல்லும் என்று படித்தாள். மூலையில் வட்டமாக அச்சடித்திருந்ததைக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றிப் படித்தாள். நாலு நிமிடம் ஆயிற்று. ஓலுக்கா நின்றுகொண்டே கேட்டான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அவள் உரிமத்தை மடித்து உள்ளே வைத்தாள். அடுத்த ஊறல் எப்போது என்று பின்வரிசை நாற்காலியிலிருந்து ஒருவர் கேட்டார்.

வியாழக்கிழமை என்றாள் அமுகே.